உங்கள் பங்கை மட்டும் கேளுங்கள்

தூண்டில் தடி செய்பவர்களே, அவர்களுக்குக் காப்புரிமை மனு எழுதிக் கொடுக்கும் முகவர்களே, மனு அலுவலகத்துக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போன பிறகு திருத்துவது கடினம். காப்புரிமை கைக்கு வந்துவிட்டாலோ, திருத்த வேண்டும் என்ற நினைப்பே வராது. கார்பன் இழையை இத்தனை பாகைச் சாய்வில் சுற்றினேன், பிசினை இந்த விகிதத்தில் சேர்த்தேன், ஆகவே இந்த மாதிரித் தடி எல்லாமே எனக்குச் சொந்தம் என்று எழுதத் துடிக்கிற கையைத்தான் முதலில் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. நீங்கள் சேர்த்தது ஒரு படலம். கேட்பதோ முழுத் தடியை.

ஒரு தடி எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்தவர்களுக்கே மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் சண்டை முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் எஃகுக் கம்பி ஒன்று, மேண்ட்ரல் என்பார்கள். எபாக்ஸி பிசினை முன்கூட்டியே ஊட்டிய கார்பன் துணியை அளவுக்கு வெட்டி, அந்தக் கம்பியின் மேல் இறுக்கிச் சுருட்டுகிறார்கள். அதற்கு மேல் மெல்லிய நாடா. சூளையில் வைத்ததும் நாடா சுருங்கிப் படலங்களை நெருக்கும், பிசின் இறுகும். கம்பியை உருவி, நாடாவைக் கிழித்து, மேற்பரப்பைத் தேய்த்தால் உள்ளே வெறுமையான ஒரு குழல் கிடைக்கும். அதை வளைத்துப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் இழைகள் வளைவை எதிர்க்கும். ஆனால் வளையும்போது குழலின் வட்ட வாய் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். ஒரு அளவைத் தாண்டி நசுங்கினால் படீரென்று மடிந்து உடையும். அதைத் தடுக்கக் குறுக்கே சுற்றிய இழை வேண்டும். முறுக்கைத் தாங்கச் சாய்வாக ஓடும் இழை வேண்டும். இத்தனையும் வேண்டும், எடை மட்டும் கூடவே கூடாது.

இந்தக் கணக்கு ஜப்பானிலும் ஒன்றுதான், அமெரிக்காவிலும் ஒன்றுதான். உட்கார்ந்து போட்டுப் பார்க்கிற எவரும் ஏறத்தாழ ஒரே விடையின் பக்கத்தில்தான் வந்து நிற்பார்கள். ஒருவர் 45 பாகை என்பார், இன்னொருவர் 40 என்பார். ஒருவர் சாய்வுப் படலத்தை உள்ளே வைப்பார், மற்றவர் உள்ளேயும் வெளியேயும் வைப்பார். உங்கள் தடியைப் போலவே பக்கத்துக் கடைத் தடியும் இருக்கிறதென்றால், அவர் திருடினார் என்று முடிவு கட்டுவதற்கு முன் இயற்பியல் உங்கள் இருவரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து விட்டிருக்கலாம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இந்தத் தொழிலில் வழக்கு பெருகுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஒரு நிமிடம் கிடைக்காததுதான்.

ஆர்தர் ஹோவால்டின் கதையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பிளாஸ்டிக் பிசின்களோடு வேலை பார்த்த வேதியியலாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மீன் பிடிக்கப் போன இடத்தில் அவருடைய மூங்கில் தடியின் நுனி முறிந்தது. நல்ல மூங்கில் கிடைக்காத காலம். தொழிற்கூடத்தில் கையருகே இருந்த கண்ணாடி இழையையும் பிசினையும் கொண்டு ஒரு நுனியைச் செய்து மாட்டிக்கொண்டார். அந்த ஒட்டுவேலைதான் ஷேக்ஸ்பியர் என்ற தூண்டில் நிறுவனத்தின் கைக்குப் போய், 1947-ல் ‘வொண்டர்ராட்’ என்ற கண்ணாடி இழைத் தடியாகச் சந்தைக்கு வந்தது. 1951-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உள்ளே சுருளாகச் சுற்றிய இழை, அதன் மேல் நீளவாக்கில் கிடத்திய இழை: இதுதான் அதன் சாரம்.

இப்போது உங்கள் மனுவின் முதல் உரிமைக்கோரலை எடுத்து வையுங்கள். ‘உட்படலத்தில் சாய்வாக அமைந்த இழைகளும், வெளிப்படலத்தில் அச்சுக்கு இணையாக அமைந்த இழைகளும் கொண்ட குழல்’ என்று தொடங்குகிறதா? கண்ணாடிக்குப் பதில் கார்பன் என்று மாற்றியதைத் தவிர, அது 1951-லேயே அச்சில் ஏறிவிட்ட சங்கதி. அந்தக் காலச் சட்டப்படி காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டு; 1968-ல் அது எல்லோருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. பொதுச் சொத்துக்கு மறுபடி வேலி போடாதீர்கள்.

அந்தக் கதையில் பாராட்ட வேண்டிய ஒன்றும் உண்டு. ஷேக்ஸ்பியர் நிறுவனம் அந்த முறையைத் தன் முறை என்று சொல்லிக்கொள்ளவில்லை. ‘ஹோவால்ட் முறை’ என்றே தடியின் மேல் அச்சடித்தது. 1976-ல் வந்து இன்றுவரை விற்கும் ‘அக்லி ஸ்டிக்’ தடியின் விளம்பரத்திலும் அந்தப் பெயர் தொடர்ந்தது. காப்புரிமை காலாவதியான பிறகும் கண்டுபிடித்தவனின் பெயரைச் சொல்ல எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. இருந்தும் சொன்னார்கள். வியாபாரத்துக்காகத்தான் சொன்னார்கள் என்று நீங்கள் முணுமுணுக்கலாம், இருக்கட்டுமே. நன்றி சொல்வதும் வியாபாரத்துக்கு ஆகும் என்று தெரிகிறதல்லவா?

இன்னும் பின்னால் போனாலும் இதே பாடம்தான், கொஞ்சம் வேறு முகத்தோடு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்துக்காரர் ஹிராம் லியோனார்ட் 19-ஆம் நூற்றாண்டில் பிளந்த மூங்கில் தடிக்குப் பேர்போனவர். தடித் துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணுக்கு 1875-லும் 1878-லும் காப்புரிமை வாங்கினார். ஆனால் மூங்கில் சீவல்களைச் சாய்வாகச் செதுக்கும் இயந்திரத்தைப் பூட்டிய அறைக்குள் வைத்திருந்தார். காட்டித்தான் ஆக வேண்டியதை எழுதிக்கொடுத்து உரிமை வாங்கினார், மறைக்க முடிந்ததை மறைத்தார். கடைசியில் என்ன ஆயிற்று? அவரிடம் வேலை பார்த்த தாமஸ், எட்வர்ட்ஸ், பெய்ன், ஹாஸ் எல்லோரும் வெளியேறித் தங்கள் தங்கள் பெயரில் தடி செய்தார்கள். அவையும் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலையும் தடிகள். பூட்டு, இயந்திரத்தைக் காத்தது. கைத்திறனை எந்தப் பூட்டும் காக்கவில்லை.

(1887-ல் எவரெட் ஹார்ட்டன் என்பவர் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எஃகுத் தடிக்குக் காப்புரிமை பெற்றார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகாமல் மீன் பிடிக்கப் போகிறவன் அதைச் சட்டைக்குள் ஒளித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே செய்தார் என்று ஒரு செவிவழிக் கதை. தடித் தொழிலில் ஒளித்து வைக்கும் பழக்கம் லியோனார்டின் அறையோடு நிற்கவில்லை போலும்.)

மூங்கிலே ஒரு கூட்டுப்பொருள்தான் என்பதை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். லிக்னின் என்ற இயற்கைப் பிசினுக்குள் நீளவாக்கில் ஓடும் இழைகள். வெளித்தோலை நெருங்க நெருங்க இழைகள் அடர்த்தியாகின்றன, ஏனென்றால் வளையும்போது அழுத்தம் கூடுவது அங்கேதான். நாம் இன்று கணினியில் மாதிரி போட்டுக் கண்டடையும் படல வரிசையைச் சீனாவின் குவாங்டாங் மலைச்சரிவில் ஒரு புல் வளர்த்து வைத்திருக்கிறது. ஓர்விஸ் நிறுவனத்தின் வெஸ் ஜோர்டன் அந்த மூங்கிலுக்குள் பேக்கலைட் பிசினை ஊற வைத்து, தண்ணீர் ஏறாத தடியைச் செய்தார், 1950-ல் காப்புரிமை. அவர் மூங்கிலைக் கேட்கவில்லை, பேக்கலைட்டைக் கேட்கவில்லை. ஊற வைக்கும் முறையையும் அப்படி வந்த தடியையும் கேட்டார். தன் பங்கு இதுதான் என்று அறிந்தவர் எழுதும் மனு அப்படித்தான் இருக்கும்.

கார்பனுக்கு வருவோம், வம்பு பெருத்த இடம் அதுதான். 1958-ல் அமெரிக்காவின் ஒஹையோவில் யூனியன் கார்பைடு ஆய்வகத்தில் ரோஜர் பேக்கன் அசாதாரண வலுவுள்ள கிராஃபைட் இழைகளைக் கண்டார். அதற்கு அடுத்த ஆண்டு ஒசாகாவின் அரசுத் தொழில் ஆய்வுக்கூடத்தில் அகியோ ஷிண்டோ, துணி நெய்யப் பயன்படும் அக்ரிலிக் இழையைக் கருக்கிக் கார்பன் இழை செய்யும் வழியைப் பதிவு செய்தார். 1960-களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வாட், பிலிப்ஸ், ஜான்சன் மூவரும் அந்த இழையை உண்மையிலேயே வலுவுள்ளதாக்கினார்கள். ரோல்ஸ் ராய்ஸ் அதை நம்பித் தன் ஆர்பி211 விமான இன்ஜினுக்கு விசிறி இதழ் செய்தது. பறவை மோதும் சோதனையில் தேறாமல் டைட்டானியத்துக்கு மாறியது. வானத்தில் தோற்ற இழைக்கு வாழ்வு கொடுத்தவர்கள் ஆற்றங்கரையிலும் கோல்ஃப் புல்வெளியிலும் இருந்தார்கள். ஷேக்ஸ்பியர் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஃபிராங்க் தாமஸ் 1969-ல் கார்பன் கோல்ஃப் தண்டைச் செய்தார். 1972-ல் ஜப்பானின் ஒலிம்பிக் நிறுவனம் ஆயு மீன் பிடிக்கும் மிக நீண்ட தடியைக் கார்பனில் கொண்டுவந்தது. ஒன்பது மீட்டர் அளவுக்கு நீளும் தடியைப் பகல் முழுக்க ஏந்தி நிற்பவனுக்குக் குறையும் ஒவ்வொரு கிராமும் வரம். அதே ஆண்டு தைஹெய்யோ மாஸ்டர்ஸ் போட்டியில் கே புரூவர் கறுப்புத் தண்டு மட்டையால் வென்றதும் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் கார்பனுக்குப் பாய்ந்தார்கள். 1973-ல் அமெரிக்காவில் ஃபென்விக் நிறுவனத்தின் ‘எச்எம்ஜி’ தடி வந்தது.

உங்கள் கையிலிருக்கும் கறுப்புக் குழலுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு சுருட்டப்பட்டிருக்கிறது பாருங்கள். அதில் பெரும்பகுதி ஜப்பானிய, பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆய்வு. அதன் மேல் நீங்கள் ஒரு சாய்வுப் படலத்தைச் சேர்த்துவிட்டு, தடியே என் கண்டுபிடிப்பு என்பது ஊரார் வீட்டு நெய்யை என் பெண்டாட்டி கையால் வாரி ஊற்றுவதற்குச் சமம். மனுவின் பின்னணிப் பகுதியில் இவர்களைப் பற்றி இரண்டு வரி எழுதினால் உங்கள் படலத்தின் மதிப்பு குறைந்துவிடாது. மாறாக, எது பழையது எது புதியது என்று ஆய்வாளருக்கும் நீதிமன்றத்துக்கும் தெளிவாகும். தெளிவான மனுதான் நிற்கும்.

இந்த வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது 1970-ஆம் ஆண்டை. ஜப்பானின் டோரே நிறுவனத்திடம் நல்ல அக்ரிலிக் இழை இருந்தது. யூனியன் கார்பைடிடம் அதைக் கருக்கும் தொழில்நுட்பம் இருந்தது. ஷிண்டோவின் காப்புரிமை அரசிடம் இருந்தது. மூன்று பேரும் மூன்று நீதிமன்றங்களில் பத்து ஆண்டு நின்றிருக்கலாம். ஆளுக்கொரு நியாயமும் இருந்திருக்கும். டோரே என்ன செய்தது? ஷிண்டோவின் காப்புரிமைக்கு உரிமம் வாங்கியது. யூனியன் கார்பைடோடு, உன் முறையை எனக்குக் கொடு, என் இழையை உனக்குத் தருகிறேன் என்று ஒப்பந்தம் போட்டது. மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டு மீன்பிடிகாரன் கையில் தடி. இரண்டே ஆண்டு.

மறுபக்கத்தையும் பாருங்கள். தடியின் அடிப்பகுதியில் வலுவுக்குச் சுற்றும் மஞ்சள் அராமிட் இழை உங்களுக்குத் தெரியும். அதற்காக டியூபாண்ட்டும் நெதர்லாந்தின் ஆக்ஸோவும் கெவ்லார், ட்வாரன் என்று இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. நூற்கும் முறை ஒருவரிடம், அதற்கான நல்ல கரைப்பான் மற்றவரிடம். ஒருவர் கையில் இருப்பது இன்னொருவருக்குத் தேவை என்பது முதல் நாளே இருவருக்கும் தெரியும். 1988-ல் சமரசம் ஆனார்கள். முதல் நாளே உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய மேசைதான் அது. பெரிய கம்பெனிகள் அப்படி நின்று தாங்கும். ஐந்தாறு பேர் வேலை பார்க்கும் தடிப் பட்டறை தாங்காது. வழக்கில் யார் ஜெயித்தாலும் அதற்குள் பட்டறை மூடியிருக்கும்.

‘நான் பொருளையே மாற்றியிருக்கிறேனே, அது புதுமை இல்லையா?’ என்று கேட்பீர்கள். பழைய கேள்வி. 1851-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கதவுக் குமிழ் வழக்கு ஒன்று வந்தது. மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த குமிழைப் பீங்கானில் செய்தோம், எங்களுக்கே உரிமை என்றார்கள். இது கைதேர்ந்த தொழிலாளியின் வேலை, கண்டுபிடிப்பாளரின் வேலை இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தெரிந்த பொருள்களைத் தெரிந்த விதத்தில் சேர்த்து, எதிர்பார்த்த பலனையே பெற்றால் அது காப்புரிமைக்கு ஆகாது என்று 2007-ல் கேஎஸ்ஆர் வழக்கிலும் அதே நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. நம் நாட்டின் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் இன்னும் நேரடி: மூன்றாம் பிரிவின் (இ) உட்பிரிவு, சேர்த்த பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடி நிற்கும் கலவையைக் கண்டுபிடிப்பாகக் கொள்ளாது. கண்ணாடியை எடுத்துவிட்டுக் கார்பன், கார்பனோடு கொஞ்சம் கிராஃபீன் தூள் என்று போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் அந்த வரியை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம்.

கலவை எதிர்பாராத குணத்தைத் தருமானால் அது வேறு விஷயம். பிசினுக்குள் நுண்ணிய சிலிக்கா உருண்டைகளைப் பரப்பியபோது, அழுத்தத்தில் இழை மடங்கி உடைவது குறைந்தது; ஹார்டி நிறுவனம் அந்தப் பிசினைத் தடியில் பயன்படுத்தியது, பிசினைச் செய்தது 3எம். இங்கே சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. உங்களிடமும் அப்படி இருந்தால் தயங்காமல் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள். உடைத்துப் பார்த்த தடிகளின் கணக்கை மனுவில் வையுங்கள். இல்லாதவர்கள்தான் அளவுகளில் ஒளிந்துகொள்கிறார்கள்: 45 பாகையில் மட்டும் செய்து பார்த்துவிட்டு ‘20 முதல் 70 பாகை வரை’ என்று கோருவது, ஒரே பிசினைச் சோதித்துவிட்டு ‘எந்தவொரு வெப்ப இறுகு பிசினும்’ என்று எழுதுவது. செய்து பார்க்காத பாகைகள் உங்களுடையவை என்று எப்படிச் சொல்வீர்கள்?

முகவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனு என்பது மக்களோடு போடும் ஒப்பந்தம். தெரிந்ததை முழுதும் எழுதிக் கொடு, இருபது ஆண்டு தனி உரிமை எடுத்துக்கொள். நம் சட்டத்தின் பத்தாம் பிரிவு, விண்ணப்பதாரருக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்த முறையையே வெளியிடச் சொல்கிறது. உங்கள் கட்சிக்காரர் எந்த வெப்பத்தில் எத்தனை நேரம் சூளையில் வைக்கிறார், நாடாவை எவ்வளவு இழுவிசையில் சுற்றுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். அதை எழுதாமல் ‘பொருத்தமான வெப்பநிலையில்’ என்று நழுவினால், விலையைக் கொடுக்காமல் சரக்கை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அமெரிக்க விதிகளின்படி, தெரிந்த பழைய ஆவணங்களை அலுவலகத்திடம் சொல்ல வேண்டிய கடமை விண்ணப்பதாரருக்கும் உண்டு, வழக்கறிஞருக்கும் உண்டு. ஏமாற்றும் எண்ணத்தோடு மறைத்தது நிரூபணமானால் காப்புரிமை முழுவதையுமே அமல்படுத்த முடியாமல் போகும். சட்டம் கிடக்கட்டும். அந்தப் பழைய கேட்லாக் உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை எடுத்து மனுவோடு வையுங்கள், இன்றைக்கே.

கோரலில் உள்ளதைச் சரக்கு விற்ற பிறகு இழுத்து நீட்டுகிறவர்களையும் பார்க்கிறோம். மென்பந்து மட்டையும் ஒரு விளையாட்டுத் தடிதான். வில்சன் நிறுவனத்தின் காப்புரிமை, மட்டைக் குழலுக்குள் இன்னொரு குழலைச் செருகும் அமைப்பைப் பற்றியது. மின்னசோட்டாவின் மைக்கென் நிறுவனமோ கூட்டுப்பொருள் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி மட்டை செய்தது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு சுவர் இருக்கிறதே, அதுவும் எங்களுடையதுதான் என்பது வில்சனின் வாதம். செருகியது வேறு, மேலே சுற்றி வளர்த்தது வேறு என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. வில்சன் கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரு தரப்புக்கும் வாதம் இருந்தது. ஆனால் உலோகக் குழலை மனத்தில் வைத்து எழுதிய மனுவைக் கார்பன் துணியின் மேல் போர்த்தப் பார்த்தால் எங்கே கிழியும் என்பதற்கு அந்த வழக்கைப் போல் தெளிவான சான்று குறைவு. நீங்கள் மனு எழுதியபோது எதை மேசைமேல் வைத்துப் பார்த்தீர்களோ, அதற்குள் நில்லுங்கள்.

இவ்வளவும் சொன்னதால் நகல் எடுப்பவர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அடுத்தவர் தடியை வாங்கி, குறுக்கே அறுத்து, படலங்களை எண்ணி, அதே வரிசையில் சுருட்டி, பாதி விலைக்கு விற்கிறவரே, காப்புரிமை உயிரோடு இருக்கும்போது நீங்கள் செய்வது களவு. ‘எல்லாம் பழைய இயற்பியல்தானே’ என்று என் வாயிலிருந்தே வார்த்தையைப் பிடுங்கி எனக்கே பதில் சொல்லாதீர்கள். அறுத்துக் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. கற்றதற்கு மேல் உங்களுடையது என்று ஒன்றைச் சேருங்கள். சேர்க்க முடியாவிட்டால் உரிமம் கேட்டு எழுதுங்கள். காலாவதியான காப்புரிமைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன, அவற்றிலிருந்து எடுங்கள். எடுத்ததை விளம்பரத்தில் சொல்லுங்கள்.

வேலை மாறிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கையில் ஊறிய திறமை உங்களுடையது, அதைத் தடுக்க முதலாளிக்கு நியாயமில்லை. படல வரைபடத்தைப் பென் டிரைவில் எடுத்துப் போவது வேறு. முதலாளிகளே, நீங்களும் மனுவில் கண்டுபிடிப்பாளர் பெயர் எழுதும் கட்டத்துக்கு வரும்போது கொஞ்சம் நில்லுங்கள். சூளைக்கு முன்னால் நின்று அந்தச் சாய்வுப் படலத்தை முதலில் முயன்று பார்த்தவர் யார்? அவர் பெயர் அங்கே இருக்கிறதா, அல்லது நிர்வாக இயக்குநர் பெயர் மட்டுமா?

லேபிள் பொய்கள் தனி ரகம். ‘40 டன் கார்பன்’ என்று தடியின் கைப்பிடிக்கு மேல் பொன்னெழுத்தில் போடுகிறார்கள். அந்த டன் கணக்கு இழையின் விறைப்பைச் சொல்வது, வலுவை இல்லை. விறைப்பு கூடக்கூடப் பெரும்பாலும் இழை எளிதில் நொறுங்கும் தன்மையதாகிறது. தடியில் ஒரு சிறு துண்டுத் துணி மட்டும் 40 டன்னாக இருக்க, முழுத் தடியும் அதுவே என்று வாங்குபவர் நம்பும்படி எழுதுவது எந்த நீதிமன்றத்துக்கும் போகாத ஏமாற்று. இதைவிட மோசமானது, விண்ணப்பமே போடாமல் ‘காப்புரிமை நிலுவையில்’ என்றும், காலாவதியான எண்ணைப் போட்டுக் ‘காப்புரிமை பெற்றது’ என்றும் அச்சடிப்பது. நம் சட்டத்தின் 120-ஆம் பிரிவில் பொய்யாகக் காப்புரிமை கொண்டாடுவதற்குத் தண்டனை உண்டு. அமெரிக்காவில் 2009-ல் கட்டடத் தொழிலாளர்கள் ஏறி நின்று வேலை பார்க்கும் பொய்க்கால்களைப் பற்றிய வழக்கில், பொய்யாகக் குறியிட்ட ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக 500 டாலர் வரை அபராதம் விதிக்கலாம் என்று தீர்ப்பானதும் கம்பெனிகள் பதறியடித்து லேபிள்களைச் சரிபார்த்தன. 2011-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். தளர்ந்தது சட்டம்தான், அச்சடித்தது பொய் என்பது தளரவில்லை.

எதற்கும் உரிமை கொண்டாடாமல் எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஒன்றும் இந்தத் தொழிலில் இருக்கிறது. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே நீண்ட தடியைத் தூக்கியவர்கள் உயிரிழந்திருக்கிறார்கள். அதனால் போட்டிக் கம்பெனிகள்கூட ஒரே மாதிரியான எச்சரிக்கையைத் தடியில் ஒட்டுகின்றன; யாரும் யாரையும் அதற்காக வழக்குக்கு இழுத்ததாகக் கேள்வியில்லை. உயிர் சம்பந்தப்பட்டால் நமக்குப் பகிரத் தெரிந்திருக்கிறது. தடி எந்த இடத்தில் எப்படி முறியும், முறிந்த இழை எப்படித் தெறிக்கும் என்பது பற்றிய சோதனை அறிவையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

சிறு பட்டறைக்காரர்களே, மீன்பிடிகாரர்களே, நீங்களும் வெறுமனே புலம்பிக்கொண்டிருக்காதீர்கள். நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, வெளியான மனு காப்புரிமையாக மாறுவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு தெரிவிக்கலாம். பரணில் கிடக்கும் பழைய கேட்லாக், தேதியுள்ள பத்திரிகை விளம்பரம், 1980-களில் வாங்கிய தடியின் அறுத்த வெட்டு முகப் படம் எல்லாமே சாட்சி. கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகம் அவற்றை வாங்கிப் படிக்கக் கடமைப்பட்டது. காப்புரிமை வந்த பிறகு டீக்கடையில் திட்டுவதைவிட இது எளிது.

கடைசியாக, அந்த நோட்டீஸ். யாரோ ஒரு சின்னப் பட்டறைக்கு அனுப்ப உங்கள் வழக்கறிஞர் தயார் செய்து வைத்திருக்கும் கடிதத்தைச் சொல்கிறேன். ‘உடனே விற்பனையை நிறுத்தாவிட்டால்’ என்று அது தொடங்கும். அதை அனுப்பாதீர்கள், இன்னும் அனுப்பாதீர்கள். அந்தப் பட்டறையின் தடி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குங்கள். அடி, நடு, நுனி மூன்றிலும் குறுக்கே அறுத்து மெருகேற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். படலங்களின் சாய்வு அங்கே பளிச்சென்று தெரியும். உங்கள் கோரலின் ஒவ்வொரு சொற்றொடரையும் அந்தப் படத்தோடு வைத்துச் சரிபாருங்கள், உங்கள் ஆளைக் கொண்டல்ல, வெளியாள் ஒருவரைக் கொண்டு. பொருந்தவில்லை என்றால் கடிதத்தைக் கிழியுங்கள். ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக அந்தப் பட்டறையே உங்கள் மேல் வழக்குப் போட 106-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பொருந்துகிறது என்றால் வேறு கடிதம் எழுதுங்கள். இந்த எண்ணில் எங்களுக்கு ஒரு காப்புரிமை இருக்கிறது, இதோ படம், வந்து பாருங்கள் என்று மட்டும். அப்படித் தெரிவிப்பதைச் சட்டமே மிரட்டலாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது பத்தியில், ஒரு தடிக்கு எவ்வளவு உரிமத் தொகை எதிர்பார்க்கிறீர்கள் என்பதை எண்ணால் எழுதுங்கள்.